எதிர் வரப்பில் வருகிறவள்

எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பளத்தில், ஒரு சித்திரை மாத உச்சி வெயிலில் நடந்தது இது. பயம் என்றால் எல்லோரும் இருட்டைச் சொல்வார்கள். எனக்கு இருட்டு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என்னைப் பயமுறுத்தியது வெளிச்சம்தான்.

நான் வானூர்ப் பக்கம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். செம்மண் பார்த்துப் பழகிய கண். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த முதல் வருஷம், உப்பளத்தை நேராகப் பார்க்கவே எனக்கு வரவில்லை. தரை வெள்ளை. பாத்தித் தண்ணீருக்குள் கிடக்கிற வானமும் வெள்ளை. நிழல் என்று ஒன்று காலடியில் மட்டும், அதுவும் கூசிப்போய், பாதத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருக்கும். தூரத்தில் வருகிறவர்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் வருவார்கள். கானல் அவர்கள் கால்களைத் தின்றிருக்கும்.

என் வீட்டுக்காரர் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் பலகையால் வாரி ஒதுக்குகிற உப்பை நானும் மற்றப் பெண்களும் கூடையில் சுமந்துபோய் வரப்போரம் குவிப்போம். அந்தக் குவியலை அம்பாரம் என்பார்கள். அப்படி ஒரு நாள் கூடையோடு போகும்போதுதான் அவளை முதலில் பார்த்தேன்.

எதிர் வரப்பில் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை. கூடையின் நிழலில் முகம் தெரியவில்லை. நான் வலது காலை எடுத்து வைத்தால் அவளும் வலது காலை வைத்தாள். நான் தயங்கினால் அவளும் தயங்கினாள். உப்புப் பொருக்கை மிதித்தால் நறநறவென்று நொறுங்கும். அவள் காலடியில் ஒரு சத்தமும் இல்லை. கிட்டே வந்தபோது புடவையைப் பார்த்தேன். நான் கட்டியிருந்த அதே புடவை. அதே இடத்தில் கிழிந்து, அதே நூலால் நான் தைத்த தையல். என் முன்னால் நின்று கூடையை இறக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது வாயில் ரத்தமும் உப்பும் கரித்தன. உள்ளங்கையில் யாரோ ஒரு இரும்புக் கொக்கியைத் திணித்து விரல்களை மூடியிருந்தார்கள்.

வலிப்பு என்றார்கள். உச்சி வேளையில் எதையோ மிதித்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். என் மாமியார் இரண்டையும் நம்பினார். கடைத்தெருவுக்குப் போய் ஒரு கொத்துச் சாவி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார், விழுந்தால் கையில் வைக்க. எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது.

“பூட்டு இல்லாத ஊட்டுக்குக் கொத்துச் சாவி. எங்கம்மாவுக்கு எங்கியோ எஸ்டேட்டு இருக்குது, நம்மகிட்ட சொல்லல” என்பார் வீட்டுக்காரர்.

“போடா. உம் பொண்டாட்டி எழுந்து ஒக்காந்தா அதான்டா எனக்கு எஸ்டேட்டு” என்பார் அத்தை.

அவள் வருவது நிற்கவில்லை. வரும் வழி எப்போதும் ஒன்றுதான். எதிரே, நேராக, என் நடையில். கூடையை இறக்கினால் நான் விழுவேன். உள்ளூர் டாக்டர் கொடுத்த பழைய மாத்திரை என்னை அரைத்தூக்கத்தில் போட்டது. ஈறு தடித்து, பேச்சு குழறியது. அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கொஞ்சம் மெதுவாக வந்தாள், அவ்வளவுதான்.

மறு வருஷம் மகள் பிறந்தாள். பெற்றவள் நான். ஆனால் அவளைத் தூக்கிக்கொண்டு தனியாக நாலடி நடக்க எனக்கு வழியில்லை. எங்கள் வீட்டைச் சுற்றி எங்கே திரும்பினாலும் தண்ணீர். பாத்தி, வாய்க்கால், அதைத் தாண்டிக் கழிவெளி ஏரி. நான் பால் கொடுக்கும்போது குழந்தைக்கு அடியில் அத்தையின் கை ஒன்று ஏந்தியபடி இருக்கும். யாரும் என்னைத் திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. அந்தக் கைதான் இருந்தது. அந்தக் கை இல்லாமல் என் மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வரப்பில் நடந்து போய்விட வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்காகத்தான் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். பழைய மாத்திரைக்குக் கட்டுப்படாத பெரியவர்களுக்கு வெளிநாட்டில் புதிதாகச் செய்த மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் உடம்புக்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது, எத்தனை கொடுத்தால் நிற்கிறது என்பதெல்லாம் இனிமேல்தான் தெரிய வேண்டும் என்றார். சம்மதமா என்று கேட்டார்.

“இத சாப்பிட்டா எம் பொண்ண நான் தூக்கலாங்களா?”

“தெரியலம்மா. அது தெரியத்தான் பாக்கறோம்.”

பொய் சொல்லாத அந்தப் பதிலுக்காகவே ஒத்துக்கொண்டேன்.

எதிர் வரப்புக்காரியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வலிப்பு மூளையில் ஒரு மூலையில் கிளம்பும்போது சிலருக்கு வாசனை வரும், சிலருக்கு யாரோ கூப்பிடுவது கேட்கும், உனக்கு அவள் வருகிறாள் என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். என்னை ஆஸ்பத்திரியின் நீளமான நடைக்கூடத்தில் ஒரு முனையில் உட்கார வைத்துவிட்டு, தன் வெள்ளைக் கோட்டோடு எதிரே நடந்துபோய் நின்றார்.

“இங்கயா நின்னா?”

“இன்னும் கிட்ட.”

“இங்க?”

“கிட்ட வாங்க.”

நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் என் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு வந்து நின்றார். அது முதல் மாதம்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் இதே அளவைதான். மாத்திரை உள்ளே போகப் போக எதிர் வரப்புக்காரி தூரப் போனாள். முதலில் அடுத்த பாத்தி வரை வந்து நின்றாள். பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கூடையை இறக்கவில்லை. நான் விழவில்லை. நடையில் டாக்டர் பின்னால் பின்னால் போய், கடைசியில் வாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் நின்று, “இங்கயா?” என்று கத்தினார். வெயிலில் வெள்ளைக் கோட்டு ஒரு உப்புக்கல் போலத் தெரிந்தது. “இன்னும் தூரம்!” என்று நானும் கத்தினேன். வரிசையில் நின்ற நோயாளிகள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆரம்பத்தில் அத்தைக்கு அந்த மாத்திரையின் மேல் மரியாதை இல்லை. ஆஸ்பத்திரியில் காகிதப் பொட்டலமாகக் கட்டிக்கொடுப்பதை ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு, அடுப்புக்கு மேலே பலகையில், உடைந்த கரண்டியோடும் பழங்கயிற்றோடும் தள்ளி வைத்திருந்தார். மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே புகையில் கிடந்தது. தை மாதம் வரை நான் விழவில்லை என்றதும் அவர் மனம் மாறியது. மாசியில் பாத்தியில் முதல் உப்பு இறங்கியது. முதலில் வாருகிற உப்பை அவர் விற்க விடமாட்டார். ஒரு புதுப்பானையில் கொட்டி, மஞ்சள் தடவி, சாமி படத்துக்குக் கீழே வைப்பார். வீட்டில் அருமையான பொருள் எதுவோ அது அந்தப் பானைக்குள் போகும். மகளின் முதல் வெள்ளிக் கொலுசு அதில்தான் இருந்தது. அந்த வருஷம் என் மாத்திரைகளும் போயின. காகிதத்தைப் பிரித்து, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து, உப்புக்குள் புதைத்தார்.

“உப்புல வச்சது எது கெட்டுப்போச்சு? மீனு கெடாது, மாங்கா கெடாது. இதுவும் கெடாது” என்றார்.

நான் தினமும் உப்புக்குள் கையை விட்டு மாத்திரை எடுத்தேன். கோயிலில் விபூதி எடுப்பது போல இருக்கும்.

பங்குனியில் ஒரு நாள், கூடை சுமக்கிற பெண்களில் ஒருத்தி என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

“இன்னாமே, நேத்து மத்தியானம் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம போற? அவ்ளோ கிராக்கியா ஒனக்கு?”

நேற்று மத்தியானம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. குழந்தைக்குச் சுரம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. எந்த வரப்பு என்று மட்டும் கேட்டேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். எதிர் வரப்பு. தலையில் கூடை இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த வாரம் நானே பார்த்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தாள்.

வீட்டில் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். சொன்னேன். வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, அடுத்த மாதம் போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்போம், மாத்திரையை மட்டும் விடாதே என்றார். நான் விடவில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறேன், அவளும் சரியாக வருகிறாள். மருந்தைத் தாண்டி வர ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று தோன்றியது.

சித்திரையில் அந்த நாள். அத்தைக்குக் காலில் உப்பு அறுத்துப் புண் வைத்து நடக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்குச் சோறு போக வேண்டும். மகள் என்னை விடமாட்டேன் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், “தூக்கிக்கினு போ. நீயும் எத்தினி நாளுதான் பாத்துக்கினே இருப்ப” என்றார்.

குழந்தையை இடுப்பில் வைத்தேன். அடியில் வேறு கை இல்லை. அந்தக் கனம் முழுவதும் என்னுடையது. ஒரு கையில் தூக்குச்சட்டி, தலையில் சுருட்டி வைத்த சும்மாட்டுத் துணி. வரப்பில் ஏறி நடந்தேன். காற்று நின்றிருந்தது. பாத்தித் தண்ணீர் அசையவே இல்லை. உப்பு பூக்கிற நேரத்தில் தண்ணீரிலிருந்து மெல்லிய, கண்ணாடி உரசுவது போன்ற ஒரு சத்தம் வரும் என்று நினைப்பேன், அன்றைக்கு அது வெகு தெளிவாகக் கேட்டது. மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்கு முன்னால் எதையோ பார்த்துச் சிரித்தாள்.

எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள்.

திரும்பி ஓட நினைத்தேன். கால் அவள் நடையில்தான் நடந்தது. வலது. இடது. வலது. வலப்பக்கம் வாய்க்கால், இடுப்பளவு உப்புத்தண்ணீர். மகளை இறுக்கிக்கொண்டேன். அவள் கிட்டே வந்தாள். கூடையை இறக்கினாள். எப்போதும் அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு முடியவில்லை. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தையைக் கொடு என்பது போல. முதல் முதலாகக் கூடையின் நிழல் இல்லாமல் அவள் முகம் தெரியப்போகிறது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை.

கண் விழித்தபோது வானம் இருந்தது. கையில் யாரோ திணித்த தூக்குச்சட்டியின் இரும்புப் பிடி. இடுப்பில் குழந்தை இல்லை.

நான் போட்ட சத்தத்தை நான் கேட்கவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். தவழ்ந்து போய் வாய்க்காலில் கையை விட்டுத் துழாவினேனாம். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“அங்க பாரு. அங்க பாரும்மே.”

கொஞ்ச தூரத்தில், வாய்க்காலிலிருந்து விலகி, அம்பாரத்தின் அடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே என் சும்மாட்டுத் துணி விரித்திருந்தது. சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் உப்பைக் கூட்டி அணை கட்டியிருந்தது. அவள் ஒரு உப்புக்கல்லை நக்கி முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு ஒக்கார வச்சது?” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “நீதான். தூரத்துலேர்ந்து பாத்துக்கினே ஓடியாந்தேன். கொழந்தய எறக்கன, துணிய விரிச்ச, உப்ப கூட்டன. அப்புறம் எழுந்து இந்தப் பக்கமா நடந்து வந்து தனியா விழுந்த. நான் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பாத்த. ஆனா…” அதற்கு மேல் சொல்லவில்லை. வெகுநாள் கழித்துதான் சொன்னார். “அந்தப் பார்வை உன்னுது இல்ல.”

மறுநாளே பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டோம். அத்தையும் நொண்டிக்கொண்டே வந்தார், மடியில் முதல் உப்புப் பானையோடு. மாத்திரையை எங்கே தனியாக எடுப்பது, பானையோடே வரட்டும் என்றார். கூனிமேட்டில் பஸ்ஸில் ஏறிய ஒரு பாய், “இன்னாம்மா, பாண்டிக்கு உப்பு விக்கப் போறீங்களா?” என்று கேட்டார். வழக்கமாக அத்தை பதிலுக்கு ஏதாவது சொல்லாமல் விடமாட்டார். அன்று பானையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போல நடையின் மறுமுனைக்குப் போகத் திரும்பினார்.

“போவாதீங்க டாக்டர். இங்கியே நில்லுங்க. கையை நீட்டுங்க.”

அவர் நீட்டினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். குழந்தையை நானே பத்திரமாக வைத்ததை நம்பவே முடியவில்லை என்றபோது, சிலருக்கு அப்படி வரும் என்றார். நினைவு இருக்காது, ஆனால் கை கால் பழகிய வேலையைச் செய்யும். பிறகு மெதுவாகச் சொன்னார், மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் இந்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது. உனக்குத்தான் கேட்டுவிட்டு நின்றுபோனது. நிறுத்திவிட்டு மறுபடி பழையதற்கே போகலாம்.

பழையது என்றால் அரைத்தூக்கம். பழையது என்றால் குழந்தைக்கு அடியில் இன்னொரு கை. அத்தைதான் பேசினார்.

“நாங்க ஒண்ணும் கொறை வைக்கல டாக்டரம்மா. சாமிக்கு வைக்கிற மாதிரி வச்சேன். பாருங்க.” பானையை மேசைமேல் வைத்து, உப்புக்குள் கைவிட்டு, துணி முடிப்பை எடுத்துப் பிரித்தார். துணி லேசாக ஈரம் கசிந்திருந்தது. கடல் காற்றில் எங்கள் ஊர்க் கல்லுப்பு எப்போதும் அப்படித்தான் வேர்க்கும். அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்தார். நகத்தால் கீறினார். மேசையில் தட்டினார். டொக் என்றது. எழுந்துபோய் மருந்து கொடுக்கிற இடத்திலிருந்து புதிதாக ஒன்று வாங்கிவந்தார். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, இதில் ஒன்று அதில் ஒன்று போட்டார். புதிய மாத்திரை கொஞ்ச நேரத்தில் ஓரம் உதிர்ந்து, பொலபொலவென்று கரைந்து அடியில் மாவாகப் படிந்தது. எங்களுடையது கூழாங்கல் போலக் கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை.

“ஈரத்தை இழுத்து இறுகிப்போச்சு” என்றார் டாக்டர். “உள்ள போயும் கரையல. நீ சாப்பிட்டது மாத்திரையே இல்ல, கல்லு.”

அத்தை டம்ளரையே பார்த்தார். “நானா?” என்றார். “நானா வுட்டேன் அத உள்ள?”

அவர் மாத்திரையைச் சொல்லவில்லை. எதிர் வரப்புக்காரியைச் சொன்னார். டாக்டருக்கும் அது புரிந்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லம்மா. இத செஞ்சவங்க குளுருற ஊர்ல ஒக்காந்து செஞ்சாங்க. இப்படி ஒரு கரையில, இப்படி ஒரு வீட்டுக்கு இது போவும்னு அவங்களும் நெனைக்கல, காகிதத்துல கட்டிக் குடுத்த நாங்களும் நெனைக்கல. நல்லவேளை பானையோட வந்தீங்க. இல்லன்னா நான் நிறுத்தியிருப்பேன்” என்றார். இதை அவர்களுக்கு எழுதப்போகிறேன் என்றும் சொன்னார். எழுதினாரா, யாராவது படித்தார்களா, எனக்குத் தெரியாது. அன்று இறுக்கமான மூடி போட்ட ஒரு பழுப்பு நிற மருந்து பாட்டிலைக் காலி செய்து, கழுவி, துடைத்து, அடுப்பனலில் காயவைத்து அதில் புது மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை அதை அடுப்புக்கு மேலே, அதே பழைய பலகையில், உடைந்த கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அலட்சியமாக வைத்த இடம்தான் அதற்குச் சரியான இடமாக இருந்திருக்கிறது.

ஆனியில் அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனாள். ஆடியில் அதையும் தாண்டி. பிறகு டாக்டர் நின்று காட்டும் அளவுக்கு ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை.

அதன் பிறகு என் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வரப்பில் எத்தனையோ தடவை நடந்தாயிற்று. அவள் என்னைவிட உயரமாக வளர்ந்து, இப்போது தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். மாத்திரைகள் இப்போது தகடுகளில் ஒட்டி வருகின்றன. ஈரம் படாத இடத்தில் வைக்கவும் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மஞ்சள் தடவிய ஒரு பானை கண்ணில் வரும். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கொத்துச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் இன்னும் தொங்குகிறது. பூட்டு மட்டும் இன்றுவரை வாங்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறும்போது சில நாள் உப்பளத்தின் ஓரத்தில் போய் நிற்பேன். தரையும் வானமும் ஒட்டுகிற இடத்தில், கானலுக்குள், ஒரு புள்ளி. கூடையோடு நிற்கிற மாதிரி இருக்கும். மூளையில் ஒரு மூலை என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்புகிறேன். ஆனால் அன்று துணியை விரித்து, உப்பைக் கூட்டி அணை கட்டி, என் மகளைத் தண்ணீருக்கு எட்டாமல் உட்கார வைத்த கைகள் என் நினைவில் இல்லையே, அவை யாருடைய கைகள்? அவளை அந்தத் தூரத்தில் நிறுத்தி வைக்கத்தான் இன்றும் காலையில் எழுந்ததும் மாத்திரை போடுகிறேன். இருந்தாலும் அவள் நிற்கிற திசைக்கு முதுகைக் காட்டி மட்டும் நான் உட்காருவதில்லை.